சகலை கொடுத்த மூன்று மொட்டு

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, யாரையும் மரியாதை இல்லாமல் பேசியதே கிடையாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆள். குத்தியது தெரியும், ரத்தம் வராது, பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்டவரோடு சண்டை போட்டால் நாம்தான் பொல்லாதவன் ஆவோம். அதனால் நான் சண்டை போடவில்லை. கறுவிக்கொண்டே இருந்தேன்.

சிங்காநல்லூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று அது நடந்தது. முன் அறையில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். உப்புத்தண்ணீர், நான்கைந்து கல், இரண்டு ஆரஞ்சு மீன். எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. நாளெல்லாம் வார்னிஷ் வாடையில் நின்றுவிட்டு வந்தால், அந்தத் தொட்டி முன்னால் உட்கார்வது ஒன்றுதான் எனக்குச் சுகம். சகலையின் ஆர்.எஸ்.புரம் வீட்டிலும் தொட்டி உண்டு. ஐந்தடி, சுவரோடு பதித்தது, நிறைய பவளம், ஃபோனில் தொட்டால் நிறம் மாறும் வெளிநாட்டு விளக்கு, வாரம் ஒருமுறை வந்து கழுவ ஆள். அவர் அதைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். சகலை குனிந்து என் தொட்டிக்கு மேலே இருந்த வெள்ளை விளக்கைப் பார்த்தார்.

"ஏனுங்க சகலை, கோழிப்பண்ணையில குஞ்சுக்குப் போடற லைட்டுங்களா இது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. என் மாமனார் சிரித்தார். காபி டம்ளரோடு நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே கடலைக்காய் அளவு கல்லில் மூன்று மொட்டு. ஜோவா என்று ஒரு வகைப் பவளம், விரிந்தால் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ மாதிரி இருக்கும்.

"நம்ம தொட்டியில உடைச்சதுங்க. வெச்சுப் பாருங்க. இந்த லைட்டுக்கு ஒரு மாசம் தாங்குனாலே பெருசுங்க."

இதில் எந்த வார்த்தையைப் பிடித்து நான் கோபப்படுவது? ரொம்ப நன்றிங்க என்று வாங்கிக்கொண்டேன். இந்த மூன்றையும் முப்பதாக்கி, இதே கூட்டத்தின் முன்னால் இந்த ஆளின் மூக்கை உடைக்காவிட்டால் நான் நானில்லை என்று முடிவு கட்டினேன்.

முதலில் விளக்கு. மீன் கடைக்காரர் எடுத்துக் காட்டியது சகலை வீட்டில் இருப்பதன் தம்பி. அந்த விலைக்கு ஒரு பழைய பைக் வாங்கலாம். மதில்சுவருக்கு மாட்டும் வெள்ளை ஃபிளட் லைட்டை மாட்டிப் பார்த்தேன். பத்தே நாளில் கல்லெல்லாம் பாசி பிடித்து, தொட்டி கோயில் குளம் போல ஆனது. ஆன்லைனில் செடி வளர்க்கும் விளக்கு என்று ஒன்று மலிவாகக் கிடைத்தது. ரோஸ் நிறத்தில் வீடே ரிசப்ஷன் மேடையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் விசேஷமா என்று கேட்டார். மொட்டு மூன்றும் பாதி மூடியே கிடந்தன.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கடலுக்குள் இறங்க இறங்க மற்ற நிறமெல்லாம் அடங்கி நீலம்தான் மிஞ்சுமாம். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது அந்த நீலத்தில் சமைத்துத் தானும் தின்று பவளத்துக்கும் போடுகிறது. ஆக எத்தனை வாட்ஸ் என்பது பேச்சே இல்லை, என்ன நிறம் என்பதுதான் பேச்சு. விலைக்கும் பவளத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. நீல எல்.இ.டி. மணிகளைச் சில்லறையாக வாங்கினேன், கூட நாலு வெள்ளை. பட்டறையில் கிடந்த அலுமினியத் தகட்டில் ஒட்டினேன். சூடு இறங்க, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி. வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. சகலை நாலு பேரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ஒரு வேளை விருந்து வைக்கும் செலவுகூட ஆகவில்லை.

அங்கேதான் என் பட்டறைப் புத்தி காலை வாரியது. எங்கள் தொழிலில் புதுக் காயில் கட்டிய மோட்டாரை முதல் நாளே முழு லோடில் ஓட்டிப் பார்ப்போம். எரிகிறதாக இருந்தால் பட்டறையிலேயே எரியட்டும், தோட்டத்துக்குப் போய் எரிந்தால் பெயர் கெடும். அதே கையோடு திருகை முழுக்கத் திருப்பினேன். சகலை முகத்தில் அந்த வெளிச்சம் அடிப்பதாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாலாம் நாள் மூன்று மொட்டும் இறுக மூடின. ஆறாம் நாள் வெளுத்து, ஊறிய சாதப் பருக்கை போல இருந்தன.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இன்னும் இரண்டு நாள் விட்டால் அந்த ஆள் சொன்னதே பலித்துவிடும். திருகைக் கால்வாசிக்கு இறக்கினேன். விளக்கை ஒரு முழம் உயரத் தூக்கிக் கட்டினேன். என் மனைவி தக்காளி நாற்றுக்குப் போட்டிருந்த பச்சை நிழல்வலையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டுவந்து தொட்டி மேல் விரித்தாள்.

"புதுசுங்களே, மெதுவாப் பழக்கோணுமில்லீங்க" என்றாள்.

ஒரு மொட்டு போய்விட்டது. இரண்டு பிழைத்தன. வாரத்துக்குத் திருகில் ஒரு மயிரிழை என்று கூட்டினேன். வருஷம் ஒன்றரை ஆனபோது கல் முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாகப் பரவி, எண்ணினால் நாற்பதுக்கு மேல்.

சகலை மகளுக்கு நிச்சயம் வந்தது. சொந்தக்காரர்கள் பழமும் பட்டும் வைத்த தட்டுகளை ஏந்தி வரிசையாக உள்ளே போனோம். என் தட்டில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பன்னிரண்டு மொட்டு விரிந்த ஒரு துண்டு. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"உங்க தொட்டியில உடைச்சுக் கொடுத்ததுங்க சகலை. பெருகிப்போச்சு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அடடே, பிரமாதமுங்க" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, ஆளுக்குக் காத்திராமல் தானே தொட்டியில் கைவிட்டார். இவ்வளவுதானா என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கல்லை நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இங்க வெச்சாப் போதுங்களா சகலை?"

மேலே அவருடைய விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, அரை வெளிச்சத்துக்கே பழகிய என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்?

"இன்னுங் கொஞ்சம் மேல, லைட்டுக்குக் கிட்ட வையுங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு வாரம் கூடத் தாங்காது, வந்து என்னிடம் கேட்பார் பார் என்றேன். ஒரு வாரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஃபோன் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம். பந்தியில் சகலை என் இலைக்கு எதிரே வந்து நின்றார். இரண்டு பக்கமும் அதே சொந்தக்காரர்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சகலை கொடுத்த பவளம் நாலு நாள்ல வெளுத்துப்போச்சுங்க. தொட்டி கழுவற நம்ம ஆளு, இது செத்துது, தூக்கிப் போடுங்கன்னுட்டான். அம்மணிகிட்டச் சொல்லி அனுப்பிச்சாரு பாருங்க, லைட்டைக் கால்வாசி பண்ணுங்க, வலை போட்டு மூடுங்கன்னு. இன்னிக்கு ஜம்முனு இருக்குது. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

மாமனார் என் முதுகில் தட்டினார். அம்மணி என்றது என் மனைவியை; நான் அவளிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. இந்தக் கூட்டத்தின் முன்னால் இந்த ஆள் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவேண்டும் என்று இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தது. வாயில் இருந்த மைசூர்பாகு மண்ணாக இருந்தது.

"பரவால்லீங்க சகலை" என்றேன்.

பக்கத்து இலையில் என் மனைவி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பந்தி முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.