சின்னச் சட்டிக் கூழ்

கூழை மூன்று பேருக்கு அளவாகக் காய்ச்ச முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். தண்ணீரை அளவாகத்தான் வைப்பேன். பிறகு ஒரு மீன் தலை, ஒரு பிடி இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு என்று ஒவ்வொன்றாக உள்ளே இறங்க இறங்கச் சட்டி நிறைந்து, கடைசியில் கலியாண வீட்டுக்குக் காய்ச்சியது போல நிற்கும். இது என் பேராசையால் வருவதென்று அம்மா சொல்லுவார். இருக்கலாம். எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. படிப்பு முடிந்து, ஒரு கல்வி நிலையத்தில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டு, கண்ணில் படுகிற வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு திரிகிற இந்த நாட்களில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களைக் கூப்பிட்டுப் பெரிதாக எதையாவது சமைத்துச் சாப்பிடுவதுதான் நான் ஒழுங்காகச் செய்கிற ஒரே காரியம்.

எங்கள் வீடு கொக்குவிலில், றெயில் பாதைக்குக் கிட்ட. அப்பாவும் நானும் மச்சம் சாப்பிடுவோம், அம்மா தொடமாட்டார். அதனால் மீனும் இறைச்சியும் வீட்டு அடுப்படிக்குள் நுழைவதில்லை. பின்வளவில் மாமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்த அடுப்பு இருக்கிறது. மச்சச் சட்டிகள் தனியாக, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அம்மா பின்கதவடியில் நின்று எல்லையைப் பிரித்தார்.

"மாமரத்துக்கு இஞ்சாலை ஒரு நண்டுக் காலும் வரப்படாது. சொல்லிப்போட்டன்."

"நண்டெல்லாம் செத்துப்போய்த்தான் வருதம்மா. நடக்காது" என்றேன்.

"உன்னை நம்பேலாது. நீ நடக்க வைப்பாய்."

நண்டைக் கொண்டுவந்தவன் பருத்தித்துறைக்காரன். பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்தில் படித்தோம். வீட்டில் எல்லோரும் கடற்றொழில்காரர். இவன் மட்டும் வங்கியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருக்கிறான். அந்தக் குறையைத் தீர்க்கிறவன் போல, எங்களிடம் வரும்போதெல்லாம் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி நிறைய மீனை ஐஸில் அடுக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவான். அன்று பெட்டியைத் திறந்தான். நீலக்கால் நண்டுகள், இறால், கணவாய், இரண்டு பெரிய மீன் தலைகள்.

"டீச்சர், இதுக்குப் பேர்தான் நண்டு. உங்கடை ஊர்ச் சந்தையிலை விக்கிறது சிலந்தி" என்றான் என்னிடம்.

மூன்றாவது ஆள் மயிலிட்டிக்காரி. எங்கள் மூவரிலும் கைப்பதம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அன்று அவளுக்கென்று பக்கத்தில் இன்னொரு சின்னச் சட்டியும் வைத்திருந்தோம். அதில் நண்டு போடக்கூடாது. காரணம் பருத்தித்துறைக்காரனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அவளுடைய அப்பா கடற்றொழில் செய்கிறவர். இரண்டு மாரிக்காலத்துக்கு முன்னர் கடலில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பக்கத்துப் படகுக்காரர் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் ஏதோ வைத்துத் தப்பவைத்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்றுகொண்டு இவள் ஊர் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்: அப்பா எழும்பித் திரும்பக் கடலுக்குப் போகிற நாள்வரைக்கும் நண்டு வாயில் வைக்கமாட்டேன். உலகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது நண்டு. அதனால்தான் அதைக் கொடுத்தாள். அப்பா எழும்பிவிட்டார். மெல்ல மெல்லத் தொழில் செய்யலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அவர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. நேர்த்தியைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. கேள்விப்பட்டால் அப்பா அவசரப்பட்டுக் கடலேறிவிடுவார் என்று பயம். நண்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தின்றால் தோல் அரித்துக் கடிக்கிறது என்று பொய் சொல்லி வைத்திருந்தாள்.

"நண்டில்லாமலே காய்ச்சுவம்" என்று முதல் நாளே நான் சொன்னேன்.

"விசரே உனக்கு? நண்டில்லாமல் கூழோ? நான் மணத்திலையே குடிச்சிடுவன்" என்றாள்.

இப்படித்தான் வேலை தொடங்கியது. ஒடியல் மாவை அவள் வந்தவுடனேயே தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் அடைய அடைய மேல் தண்ணீரை வடித்து ஊற்றிக் கசப்பை எடுத்தாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. கசப்பு நிற்குமென்றால் கூழ் முழுக்கப் பாழ். நான் கிழங்கும் பலாக்கொட்டையும் வெட்டினேன். பருத்தித்துறைக்காரன் மதிலோரத்து வடலிப் பனையில் ஓலை வெட்டிவந்து, கூழ் குடிப்பதற்குப் பிளா மடித்தான். ஓலையைக் குழிவாக மடித்து நுனியைக் கட்டினால் அதுதான் எங்கள் கோப்பை. கிண்ணத்திலும் குடிக்கலாம். ஆனால் பச்சை ஓலையின் வாசம் சூட்டோடு மூக்கில் ஏறாவிட்டால் எனக்கு அது வெறும் சூப்தான்.

பெரிய சட்டி கொதித்தது. மீன் தலை போய், இறால் போய், பிளந்த நண்டு போனது. செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் மஞ்சளும் சேர, சட்டியின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பூ மிதந்தது. கொழும்பு றெயில் வளவுக்குப் பின்னால் போனபோது, ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு முறை மூக்கை உறிஞ்சியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

அவளுக்குத்தான் சிக்கல். சமையலை நடத்துகிறவள் அவள். ருசி பார்க்க முடியாதவளும் அவள். எங்கள் நாக்கை வைத்துச் சமைக்க வேண்டியிருந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கெண்டால்? உப்போ, புளியோ, உறைப்போ?"

"எல்லாம் கலந்து நல்லா இருக்கு."

"உன்னட்டைப் படிக்கிற பிள்ளையள் பாவம். டேய், நீ சொல்லு."

பருத்தித்துறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "உறைப்புக் காணாது" என்றான்.

"உனக்கு எப்பதான் கண்டது? நெருப்பைத் திண்டாலும் உறைப்புக் காணாதெண்டுதான் சொல்லுவாய்."

அவள் சட்டிக்கு மேல் குனிந்து ஆவியை இழுத்தாள். நிறத்தைப் பார்த்தாள். அகப்பையால் தூக்கி ஊற்றி, விழுகிற விதத்தைப் பார்த்தாள். கரைத்த மாவை ஊற்றிக் கிண்டினாள். கூழ் தடிக்கத் தொடங்கியது. மரத்தடிப் புகைக்குள் வியர்த்து ஒழுகி, தலைமுடி நெற்றியில் ஒட்ட, அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த நேரத்தில் அவள் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை என்று முகமே சொன்னது. எனக்கு இந்தக் காட்சிதான் இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மிகவும் பிடித்தது. ஒருவர் நெருப்புக்கு முன்னால் தன்னை மறந்து நிற்பது.

மறந்துதான் போனாள். பயற்றங்காய் அவிந்ததா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அகப்பையைப் பெரிய சட்டியிலிருந்து எடுத்து, இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கினாள். எங்கள் ஊரில் அடுப்படியில் நிற்கிற எல்லோருடைய கையும் தானாகவே செய்கிற வேலை.

"புளி காணாது" என்றாள்.

பிறகு அந்தக் கை அப்படியே நின்றது.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கூழ் மட்டும் குமிழ் விட்டது.

"ஐயோ" என்றாள். மிகவும் மெதுவாக.

"அது நண்டில்லையே" என்று நான் பாய்ந்தேன். "நண்டு தின்னமாட்டன் எண்டுதானே வைச்சனி? உது கூழ்த் தண்ணி."

"நண்டுத் தண்ணி."

"ரெண்டு சொட்டு" என்றான் அவன். "அம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை வேறை வேலை இல்லையே?"

அவள் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். பிறகு, "எனக்கு இப்ப அப்பாவோடை கதைக்கவேணும்" என்றாள். கையெல்லாம் மிளகாய். நான் அவளுடைய போனை எடுத்து, எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"சும்மா கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருக்கிறன். ஏன் பிள்ளை?"

"நெஞ்சு ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லையே. நீ ஏன் உப்பிடி மூச்சு வாங்கிறாய்? என்ன நடந்தது?"

அவள் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வைத்த நேர்த்தி, ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன பொய், இப்போது உள்ளங்கையில் விட்ட இரண்டு சொட்டு, எல்லாம் ஒரே மூச்சில்.

"அப்ப உனக்கு நண்டு கடிக்கிறேல்லையோ?"

"இல்லையப்பா."

"உனக்காகத்தானே பிள்ளை வீட்டிலை அம்மா நண்டே காய்ச்சிறேல்லை! நீ பாத்து ஏங்குவாயாம். கடலுக்கு முன்னாலை இருந்துகொண்டு, ரெண்டு மாரியா நான் நண்டைக் கண்ணாலை காணேல்லை."

பருத்தித்துறைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் ஓடினான். எனக்கும் சிரிப்பு வந்தது, போன் நடுங்கியது. அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"நீங்கள் கடலுக்குப் போற அண்டைக்கு நான் வாங்கிக்கொண்டு வாறனப்பா. அதுவரைக்கும்..."

"பிள்ளை" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "நான் இனிப் போகேல்லை."

"டொக்டர் ஓமெண்டவர்தானே?"

"அவர் ஓமெண்டுதான் சொன்னவர். எனக்குத்தான் மனமில்லை. அண்டைக்கு வள்ளத்துக்குள்ளை கிடந்தன் எல்லே, வானத்தைப் பாத்துக்கொண்டு. அதுக்குப் பிறகு கரையைத் தாண்ட நினைச்சாலே கை குளிருது. வலை பொத்திக் குடுக்கிறன், மீன் ஏலம் கூறப் போறன், அது எனக்குக் காணும். நீங்கள் எல்லாரும் நான் போவன் போவன் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். என்னெண்டு சொல்லுறது? அம்மாட்டைக்கூட இன்னும் சொல்லேல்லை."

நான் அவளைப் பார்க்காமல் போனையே பார்த்தேன். அப்பா படகில் ஏறுவார், கரையில் நின்று தான் கை காட்டுவேன் என்று அவள் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காட்சிக்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தாள்.

"அப்ப நேர்த்தி?" என்று கடைசியில் கேட்டாள்.

"நான் எழும்பி நடக்கிறன்தானே. மிச்சத்தை அம்மனிட்டை நானே போய்ச் சொல்லுறன். என்ரை கடலைப் பற்றி என்னைக் கேக்காமல் பேசினது உன்னிலையும் அம்மனிலையும் பிழை." கொஞ்சம் பொறுத்து, "கூழ் ஆர் காய்ச்சிறது? நீயோ?" என்றார்.

"ஓம்."

"எனக்கும் கொண்டு வா. நண்டின்ரை பெரிய கடிகால் ரெண்டு போட்டு."

போன் நின்ற பிறகும் அவள் அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். விறகை உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள். பருத்தித்துறைக்காரன் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தேங்காயை உடைத்துச் சொட்டுச் சொட்டாக, சின்னத் துண்டுகளாகக் கீறத் தொடங்கினான்.

"கையெல்லாம் குளிருதாம். இவ்வளவு நாளும் சொல்லேல்லை, பார்" என்றாள் அவள், எங்கள் இருவருக்கும் பொதுவாக.

"நீயும்தான் சொல்லேல்லை" என்றேன்.

"ஓம்" என்றாள்.

பிறகு எழும்பினாள். சின்னச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, அதிலிருந்த கூழ் முழுவதையும் பெரிய சட்டிக்குள் ஊற்றினாள். ஒன்றாகக் கிண்டினாள். புளியைக் கரைத்து, பிழிந்து, மனம் அடங்காதவள் போல இன்னொரு முறையும் பிழிந்தாள். முருங்கையிலையைத் தூவி இறக்கினாள்.

நாங்கள் மணலில் வட்டமாக இருந்து குடித்தோம். முதல் வாய் நாக்கைச் சுட்டது. இரண்டாவது காதுவரைக்கும் உறைத்தது. இடையிடையே தேங்காய்ச் சொட்டைக் கடித்தால் அந்த நெருப்பு கொஞ்சம் அணையும், அணைந்ததும் திரும்பக் குடிக்கத் தோன்றும். மூக்கு ஒழுகியது. நண்டு தின்னும்போது யாரும் போனைத் தொட முடியாது, யாருக்கும் மரியாதையாக இருக்கவும் முடியாது. பற்களால் ஓட்டை உடைத்து, உறிஞ்சி, விரலை நக்கி, அடுத்தவர் பிளாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முதல் கடிகாலை வெகு நேரம் கையில் வைத்திருந்தாள். கடித்தபோது கண் கலங்கியது. உறைப்பென்று சொன்னாள். நாங்களும் உறைப்புத்தான் என்றோம். அதன் பிறகு அவள் தின்ற வேகத்தைப் பார்த்து, பருத்தித்துறைக்காரன் தன் பங்கைக் கையால் மறைத்துக்கொண்டான்.

பின்னேரம் தூக்குச்சட்டியில் கூழை நிறைத்து, என்னுடைய ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அவளை ஏற்றிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனேன். வழி நெடுக அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய அப்பா வாசலில் நீல நைலோன் வலையை மடியில் போட்டபடி இருந்தார். அதற்குள் அவளுடைய அம்மாவிடமும் சொல்லிவிட்டார் என்பது தெரிந்தது. அந்த அம்மா வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து நின்று, "அப்ப வள்ளத்தை என்ன செய்யிறது?" என்று பொதுவாகக் கேட்டார். மகள் தூக்குச்சட்டியைத் திறந்து, கொண்டுவந்த பிளாவில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள். அவர் வலையை ஒதுக்கிவைத்து, இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். ஒரு கடிகாலை எடுத்து உடைத்தார். நாங்கள் மூன்று பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"புளி கூடிப்போச்சு" என்றார்.

"ஒண்டும் கூடேல்லை!" என்று அவள் கத்தினாள்.

அவர் காலியான பிளாவை இன்னும் ஊற்றச் சொல்லித் திரும்ப நீட்டினார்.