கூரையில் மூன்று தட்டு

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால், எப்போதோ என் மனைவியிடம் ஒன்றைக் கட்டிவிட்டுத் தப்பித்திருப்பேன். பேய் என்றால் நடுராத்திரிதான் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பட்டப்பகல். நல்ல மழை. மணி மூன்று நாற்பது.

எனக்கு வேலை குப்பை மேட்டில். ஊர்க் குப்பையையெல்லாம் பல வருஷம் கொட்டி, மேலே மண் போட்டு மூடிய மேடு அது. உள்ளே குப்பை அழுகிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து மீத்தேன் வரும். அதை அப்படியே விட்டால் வானத்துக்குப் போய், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் குழாய் போட்டு உறிஞ்சி, இன்ஜினில் எரித்து, மின்சாரம் எடுக்கிறோம். எங்கள் தெருவிளக்குகள் எரிவதே அதில்தான். நாங்கள் வீசிய காய்கறித் தோல்தான் எங்களுக்கே வெளிச்சம் என்று மச்சான் கிண்டல் செய்வான்.

மீத்தேனுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. குப்பை மேட்டில் மூக்கைத் துளைப்பது வேறு வாயுக்கள். வீட்டு சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும். இது நேர்மாறு. காற்றைவிட லேசு. கூரைக்கு அடியில் போய்க் கமுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு கலந்தால் போதும். அப்புறம் ஒரே ஒரு பொறி... முடிந்தது.

ஆகவே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய்கள் வந்து சேரும் வால்வு அறைக்குள் முதலில் ஒருவன் மட்டும் போவான். நீளக் குச்சியில் வாயு அளக்கும் மீட்டரின் குழாயைக் கட்டிக் கூரை வரை தூக்கிப் பிடிப்பான். குச்சி முனையில் பித்தளைப் பூண் இருக்கும். பித்தளை பொறி விடாது. வாயு இருந்தால் மீட்டர் அலறும். சுத்தம் என்று காட்டினால், குச்சியால் கூரையில் மூன்று தட்டு. பக்கத்தில் இன்ஜின்காரர் ஓட்டும் இன்ஜின் சத்தத்தில் ஆள் குரல் எடுபடாது, இது எடுபடும். மூன்று தட்டு கேட்டால் அடுத்தவன் வந்து மின்விசிறியைப் போடுவான்.

மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. நெட்டைக் கொக்கு. எல்லாரும் 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் முதலில் சொன்ன அந்த மழை நாளுக்கு ஐந்து மாதம் முன் ஒருநாள் அவன் வால்வு அறைக்குள் போய் விசிறி சுவிட்சைப் போட்டான். கூரை பறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். சாவதற்கு முன் அக்காவிடம் மட்டும் பேசினான்.

"மாமா தட்டினாரு... அதான் உள்ள போனேன்."

நான் தட்டவில்லை. அந்த நேரத்தில் மேட்டின் அந்தக் கோடியில் குழாய்க்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆபீஸ் நம்பியது. வீடு நம்பவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் முகத்தையே பார்க்காமல் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கும் எல்லாம் மரத்துப் போயிற்று. அழுகை வரவில்லை. பசியும் சரியாக வரவில்லை. ஒருவேளை நான்தான் தட்டினேனோ என்றுகூடச் சில நாள் தோன்றியது.

அறையை மறுபடி கட்டினார்கள். இந்த முறை தகரக் கூரை. வாயு வெளியேறக் கூரையோரம் இடைவெளி. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி.

அன்று மழை பிடித்துக்கொண்டது. மேலே மண் ஊறிவிட்டால் வாயுவுக்கு மேல்வழி அடைபடும். பக்கவாட்டில் வழி தேடும். அதனால் வால்வு அறையை அளக்கப் போனேன். மஞ்சள் மழைக்கோட்டு. இடுப்பில் மீட்டர். கையில் குச்சி. சாவி என் பையில்.

கதவுக்கு முன்னால் நின்றேன்.

உள்ளேயிருந்து...

டொக். டொக். டொக்.

பழக்க தோஷம். கை தானாகச் சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தது. அப்புறம்தான் உறைத்தது. குச்சி என் கையில் இருக்கிறது. உள்ளே தட்டுவது யார்?

இன்னொன்றும் உறைத்தது. தகரத்தில் தட்டினால் டணார் என்று அதிரும். இது கான்கிரீட் சத்தம். பறந்துபோன பழைய கூரையின் சத்தம்.

டொக். டொக். டொக்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நெட்டையாக. குச்சியை மேலே தூக்கியபடி.

ஐந்து மாதம் கழித்து எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது. பயம் இல்லை... சந்தோஷம்.

"மச்சான்..." என்றேன்.

அவன் திரும்பவில்லை. தட்டினான்.

சாவியைத் திருப்பினேன்.

பின்னாலிருந்து யாரோ கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். சேற்றில் விழுந்தேன். இன்ஜின்காரர்.

"காது செவிடா தம்பி? மீட்டர் கத்தறது எனக்கே அங்க கேக்குது!"

என் இடுப்பில் மீட்டர் அலறிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து அலறியதோ, எனக்குக் கேட்கவே இல்லை. கூரையோர இடைவெளியைக் காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் தாள் அடைத்திருந்தது. அப்புறம் அந்த இடைவெளி வழியாக அளந்ததில் உள்ளே நூற்றுக்கு ஒன்பது பங்கு. அந்த இரும்புக் கதவு தரையில் உரசினாலே பொறி பறக்கும்.

"உள்ள யாருண்ணே?"

அவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லையே."

நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. பைத்தியம் என்பார். அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். சாப்பாடு வைத்த கை அப்படியே நின்றது.

"கண்ணாடி வழியாவா பாத்தீங்க?"

"ஆமா."

"அவனும் பாத்தானாம். சாத்தியிருந்த கதவு இடுக்கு வழியா. தட்டினது கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லலை. நீங்க உள்ள முதுகைக் காட்டிட்டு நின்னீங்களாம். மஞ்சக் கோட்டு. அதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

"நான் அங்க இல்லம்மா."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து அழுதாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டேன்.

இத்தோடு முடிந்திருக்கலாம்.

போன வாரம். மதியம். மழை. போன் அடித்தது. இன்ஜின்காரர்.

"என்ன தம்பி, வேலைக்குத் திரும்பிட்டே, ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நான் வீட்ல இருக்கேண்ணே. சாப்பிட்டுட்டு இருக்கேன்."

சிரித்தார். "விளையாடாதே. கதவுக் கண்ணாடியில தெரியறே பாரு. அதே மஞ்சக் கோட்டு."

"அண்ணே... கதவைத் தொறக்காதீங்க."

போனுக்குள் மழைச் சத்தம். அதற்குப் பின்னால்...

டொக். டொக். டொக்.

எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே! அது நான் இல்ல!"

"இதோ தட்டிட்டியே," என்றார். "வர்றேன் இரு."

குரல் தள்ளிப் போயிருந்தது. அதை அவர் போனில் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை.