ஆவணியில் கிளம்பியவர்

சமயநல்லூருக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் குடம் வைத்திருந்த ஒரு அம்மா என் மதினியின் கையில் மோர் டம்ளரைத் திணித்த காட்சி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மதினி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கி, உதட்டில் லேசாகத் தொட்டுவிட்டு, அந்த அம்மா அடுத்த ஆளுக்கு மொள்ளத் திரும்பியதும் என்னிடம் நீட்டினார். "குடி தம்பி. எனக்கும் சேத்துக் குடி." அதில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் மிதந்தன. என் டம்ளரோடு அவருடையதையும் குடித்து முடித்தேன். தாகம் அவருக்கு, மோர் எனக்கு. அந்த வருடம் பழனிப் பாதை முழுக்க அப்படித்தான் நடந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அந்த நோயாளிகளுக்குத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள். குடிப்பது உடம்பிலேயே தங்கிவிடும். காலில் வீங்கும், நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். இளநீர், வாழைப்பழம், பஞ்சாமிர்தம் எதுவும் கூடாது. பழனிக்கு நடப்பவர்களுக்கு வழியெல்லாம் ஜனங்கள் எதைக் கொடுப்பார்களோ, அதெல்லாம் அவருக்கு விலக்கப்பட்டிருந்தது.

நோய் வருவதற்கு முன் ஒவ்வொரு தை மாதமும் விளாங்குடிக் குழுவோடு அவர் பழனிக்கு நடந்தவர். முதலில் பிள்ளை வரம் கேட்டு நடந்தார். வரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் விடாமல் நடந்தார். "குடுக்காத சாமிக்கு எதுக்கு மதினி இம்புட்டு நடை?" என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "கேக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு தம்பி. அந்த நாலு நாளு யாருக்கும் சோறாக்க வேண்டியதில்ல, யாரும் என்னக் கூப்புட மாட்டாக. நடந்துக்கிட்டே இருப்பேன்" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த நாட்களை மட்டும்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வந்த முதல் தையில் குழு அவரை விட்டுவிட்டுப் போனது. மாலை போட்ட பெண்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். மதினி எல்லோருக்கும் திருநீறு பூசி அனுப்பிவிட்டு, உள்ளே போய் அரிசி களைந்தார். சில மாதங்கள் கழித்து ஆவணியில் ஒரு நாள், நான் அவரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும்போது, ஆட்டோவில் வைத்துத் தன் யோசனையைச் சொன்னார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் ஞாயிறு காலையில் உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும். அந்த நேரத்தில் முடிந்த தூரம் நடப்பது, வெயில் ஏறியதும் பஸ்ஸில் திரும்புவது. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போய், விட்ட இடத்தில் இறங்கி, அங்கிருந்து நடப்பது. "துண்டு துண்டா நடந்தாலும் ரோடு ஒண்ணுதான தம்பி" என்றார்.

டாக்டர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். அண்ணன் சம்மதிக்கவில்லை. விளாங்குடியில் சிமெண்ட், கம்பி வியாபாரம் அவனுக்கு. "சாமி வந்து இவள நடக்கச் சொல்லுச்சாக்கும்? அவ சொன்னான்னு நீயும் ஆடுறியாடா?" என்று என்னைத்தான் திட்டினான். அந்தக் கோபத்துக்கு உள்ளே வேறு ஒன்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

மதினிக்குச் சிறுநீரகம் கொடுக்க ஆள் வேண்டும். அவர் பிறந்த வீட்டில் அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருந்தது. நான் பரிசோதனைக்குப் போனேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறதென்று அங்கேதான் தெரிந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு ரத்தப் பிரிவு பொருந்தியது. ஆனால் எங்கள் அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சம்பாதிக்கிற ஆம்பளப் புள்ளைய அறுக்கக் குடுக்க மாட்டேன்" என்றார். அண்ணன் அதை மீறவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சரக்கு லாரி வருகிறது, ஆடி போகட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். டயாலிசிஸ் வார்டின் வெளியே நான் காத்திருக்கும் நேரங்களில் மற்றவர்களோடு பேசியிருக்கிறேன். புருஷனுக்குக் கொடுத்த மனைவி, மகனுக்குக் கொடுத்த தாய், தம்பிக்குக் கொடுத்த அக்கா என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். பெண்டாட்டிக்குக் கொடுத்த புருஷன் ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. மதினியும் அதே வார்டில்தான் படுத்திருந்தார். அவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. ஒரு நாளும் அவர் அண்ணனிடம் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் நடந்தோம். பரவையில் தக்காளிக் கூடைகள் இறங்கும் நேரத்தில் கடந்தோம். வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளின் நிழல் ரோட்டில் விழுந்தது. இளநீர்க் குவியலைப் பார்த்ததும் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார். தாங்க முடியாமல் போனால் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். கொடைரோடு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பூட்டியிருந்த கடை வாசலில் ஒதுங்கி நின்றோம். ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். "குடிக்கத்தான கூடாது" என்று சிரித்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையில் மழைத்துளிகள் உருண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடக்க முடியாத ஞாயிறுகளும் வந்தன. சளி, காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்கிப்போன நாட்கள். அதனால் தை பிறந்தபோது நாங்கள் செம்பட்டியைத் தாண்டியிருந்தோம், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு பின்னாலிருந்து மேளச்சத்தம் கேட்டது. காவடியும் பச்சை வேட்டியுமாக வந்த கூட்டத்தில் விளாங்குடிக் குழுவும் இருந்தது. பெண்கள் ஓடிவந்து மதினியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, நீங்க எப்படி இங்க?"

"நான் ஆவணியிலயே கெளம்பிட்டேன்டி" என்றார் மதினி.

அவர்கள் சிரித்தார்கள், ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச தூரம் அவர்களோடு சேர்ந்து நடந்தார். பிறகு அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். கூட்டம் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தார். அன்று அதற்கு மேல் நடக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு கடைசிப் பகுதி மட்டும் மிச்சமிருந்தது. விளாங்குடி நிறுத்தத்துக்கு நாங்கள் வந்தபோது அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கடை சாவியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். "பழனி பஸ்ஸு போயிருச்சா?" என்று மட்டும் கேட்டான். பஸ்ஸில் மதினிக்குப் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டில் உட்கார்ந்தான். இறங்கி நடக்கும்போதும் பத்தடி பின்னாலேயே வந்தான். பூசம் முடிந்து ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. முன்னே நடந்த மதினி அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். பல மாதங்களாக நான் பார்த்துப் பழகிய காட்சி அது. அண்ணன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

அடிவாரத்தில் மலையைப் பார்த்து மதினி கும்பிட்டு நின்றபோது, அண்ணன் கிட்டே வந்தான். "நாளைக்கே டாக்டரப் பாக்குறேன். டெஸ்டு எல்லாம் எடுத்துருவோம். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். மதினி கும்பிட்ட கைகளை இறக்கினார். பிறகு, "ஒரு காபி வாங்கித் தாங்க. ஒரு வாயி குடிச்சுக்கிறேன்" என்றார். அண்ணன் வாங்கி வந்தான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை, வழக்கம்போல் என்னிடம் தராமல், அவனிடம் கொடுத்தார்.

அண்ணன் சொன்னபடி செய்தான். ஒவ்வொரு பரிசோதனையாக முடித்தான். எல்லாம் பொருந்தியது. மதினிக்குத்தான் பொருந்தவில்லை. அவருடைய இதயம் அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் நிலையில் இல்லை என்று தெரிந்தது. "ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா யோசிக்காமச் செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அண்ணன் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மதினிதான் அவன் தோளைத் தொட்டு எழுப்பினார். ஆட்டோவில் வரும்போது சொன்னார்: "விடுங்க. ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு அம்புட்டு டெஸ்டுலயும் வந்துருச்சுல்ல. அதுவே எனக்கு நிம்மதிதான்." ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அண்ணனால் இன்றுவரை தாங்க முடியாத சொல் அதுதான்.

அடுத்த ஆடி பிறக்கும் முன் மதினி போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஞாயிறுகளில் கடை திறப்பதில்லை. காலையில் என் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்காருவான். முதல் சில வாரங்கள் பேப்பர் பார்த்துவிட்டுப் போனான். ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "நீங்க ரெண்டு பேரும் போனீகளேடா, அப்ப அவ என்ன பேசிக்கிட்டு வருவா?"

சொல்லத் தொடங்கினேன். வழியில் அவர் பேசியது, சிரித்தது, எங்கே உட்கார்ந்தார், எங்கே முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்கு நினைவிருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் அவன் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான். "வாடிப்பட்டி வரைக்கும் சொன்ன" என்றான். "அதுக்கப்புறம்?"