தூணில் இடித்த காரும் இருபத்தாறு புள்ளிகளும்

அறுபத்தொரு வயதில் என் மனைவி டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாள். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றவள். எட்டு போட்டுக் காட்டியபோது ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. நாலு மாதம் கழித்து, கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர்வீட்டுக் கேட் தூணைத் தொட்டாள். தொட்டாள் என்பது கணவன் பயன்படுத்தும் சொல். தூணின் உச்சியில் துப்பாக்கியோடு நின்ற சுதைச் சிப்பாய், மீசை சகிதம் எங்கள் டிக்கியின்மேல் குதித்துவிட்டார்.

யாருக்கும் காயமில்லை. காரை நகர்த்துவதற்கு முன் ஆறு கோணத்தில் படம் எடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் பதிவு எண் வாங்கினேன். கருவூலத்தில் முப்பத்துநாலு வருடம் மற்றவர்களுடைய பில்களைத் திருப்பி அனுப்பியவன் நான். இதெல்லாம் எனக்குக் கொட்டாவி விடுவது மாதிரி.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கல்யாணப் பந்தியிலிருந்து கை ஈரத்தோடு ஓடிவந்தார்.

“ரெண்டு லெச்சம் ஆகும் சார். இந்த மாதிரிச் சிப்பாய் செய்ய இன்னைக்கு ஆளு எங்க இருக்கு?” என்றவர் என் மனைவியிடம் திரும்பினார். “எதுக்கு டீச்சர் இந்த வயசுல உங்களுக்கு ஸ்டீயரிங்கு? சார் ஓட்ட, பக்கத்துல கவுரவமா உக்காந்து வந்திருக்கலாம்ல?”

ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டுவந்திருந்தார். ‘அனுபவமில்லாமல் ஓட்டி இடித்துவிட்டேன், முழு நஷ்டத்தையும் நானே தருகிறேன்’ என்று அவள் எழுதித் தரவேண்டுமாம். சுற்றிலும் சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

“எழுதிக் குடுத்துருறேங்க. இனிமே நான் வண்டியத் தொடப் போறதில்ல” என்று சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். ரெண்டு லட்சத்தைவிட அந்தச் சாவிதான் எனக்குக் கனத்தது.

தாளை நான் வாங்கி மடித்தேன். கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. என்னைத் தவிர அதைப் படித்தவர்கள் மாவட்டத்திலேயே குறைவு.

“நஷ்டத்தை இன்சூரன்ஸ் குடுக்கும். நீங்க மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துல மனுப் போடணும். சொத்து யாருடையதுன்னு பத்திரம் வேணும். வீட்டுக்கு ஓனர் யாரு?”

“எங்க முதலாளி.”

“எத்தனை முதலாளி?”

விரல்களை மடக்கத் தொடங்கி, இரண்டு கையும் போதாமல் விட்டுவிட்டார். “பங்காளிக எல்லாரும் சேத்து இருபத்தாறு புள்ளி சார்.” புள்ளி என்றால் இங்கே ஒரு குடும்பம்.

“சந்தோசம். இருபத்தாறு கையெழுத்தோட வாங்க.”

நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

“சார், பங்காளிக வாட்ஸ்அப் குரூப்புல விசயத்தத் தெரியாமப் போட்டுட்டேன். சிப்பாய் கிழக்குப் பங்குல நின்னானா, மேக்குப் பங்குல நின்னானான்னு ஒரே சண்டை. கூரை ஒழுகுதுன்னு பத்து வருசமாச் சொல்றேன், ஒரு ரூவா தராத ஆளு, ரெண்டு லெச்சத்துல முன்பணம் கேக்குறாரு. நீங்களே ஒரு கொத்தனாரை வச்சு நேராக்கிக் குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்.”

“இதையே எழுத்துல குடுங்க. கம்பெனிகிட்டயும் சம்மதம் வாங்கிக்கிறேன்” என்றேன். இரண்டும் வந்தன.

தூணை ஒழுங்காகக் கட்டித் தரவேண்டும் என்பதில் என் மனைவி கறாராக இருந்தாள். உடைத்தது நாம்தானே என்றாள். கொத்தனாருக்குக் கொடுத்த மொத்தக் கூலி, கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. வேலை நடந்த மூன்று நாளும் அவளைப் பஸ்ஸில்தான் அழைத்துப் போனேன். டிக்கி நசுங்கிய கார் வீட்டில் நின்றது, சாவி என் பையிலேயே கிடந்தது.

மிச்சம் எங்கள் காரின் கிளெய்ம். காரைக்குடி ஒர்க்‌ஷாப்காரர் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

“சார் ஓட்டுனதா எழுதிருங்க. நாப்பது வருச லைசென்ஸ். இன்சூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேக்க மாட்டாரு.”

பொய் எழுதினால் கிளெய்ம் மொத்தமும் போய்விடும் என்று பிரிவு வாரியாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேனாவை எடுத்துவிட்டாள். ‘ஓட்டியவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதினாள். விபத்தின் காரணம்: ‘பின்னால் வரும்போது தூணைக் கவனிக்கவில்லை.’ கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுருக்கமான, உண்மையான விளக்கக் கடிதம் எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை.

சர்வேயர் வந்தார். “யாரும்மா ஓட்டுனது?” என்றார். “நான்தான்” என்றாள். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் கழித்து மீதி முழுவதும் பாஸானது.

வண்டியை எடுக்கப் போன அன்று, ஒர்க்‌ஷாப்காரர் சாவியை வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். குறுக்கே ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. நான் சுற்றிப் போய் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன்.

சாலைக்குப் போக ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் பதறிப்போய் பின்னால் நின்று, “வாங்க வாங்க, ஒடிங்க, ஒடிங்க” என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். “அண்ணே, அங்குட்டுப் போயி நில்லுங்க. மறைக்கிறீக.”

அவர் நகர்ந்தார். கார் ஒரே வீச்சில் சாலைக்கு வந்தது.