அம்மா விளக்கிய நாணயங்கள்

அப்பா தெற்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பேரம் பேசத் தொடங்கினால் எதிரில் நிற்பவருக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட மனிதரை ஒரு வெல்வெட் பெட்டி கவிழ்த்துவிட்டது. ஏதாவது வைபவத்துக்கு ஞாபகார்த்த நாணயம் வெளியாகும்போதெல்லாம், கொழும்பில் பழைய காசு விற்கும் முதலாளி ஒருவர் அதைப் பெட்டியில் பதித்து, அத்தாட்சிப் பத்திரமும் வைத்து, அதில் பொறித்த பெறுமதியைப்போலப் பல மடங்கு விலைக்கு அப்பாவின் தலையில் கட்டுவார். "அளவாத்தான் அடிக்கிறாங்க, பிறகு தேடினாலும் கிடைக்காது" என்பது அவருடைய மந்திரம். சித்திரை வருடப்பிறப்புக்கு அப்பா தீவிலிருந்த எங்கள் ஊர் இறுப்பிட்டிக்கு வந்தால், எங்களுக்கு உடுப்பும் அலுமாரிக்கு இன்னொரு பெட்டியும் வரும்.

எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. அப்பா உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அலுமாரியைத்தான் திறந்தார்.

"இது போதும். பெரியவனை வெளியில அனுப்பிப்போடலாம்" என்றார்.

பெரியவன் என்றால் என் அண்ணை. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆமி பிடித்துவிடும் என்ற பயத்தில், அந்த வயதுப் பெடியன் வீதிக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காத காலம் தொடங்கியிருந்தது. ஜேர்மனிக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் முற்பணம் கேட்டிருந்தான். அம்மாவின் நகைகள் எப்போதோ கடை முதலுக்குள் போய்விட்டன. காணியை ஈடு வைக்கலாமென்றால் அதை வாங்க ஆளில்லை; ஊரே காணியை வைத்துக்கொண்டு அதே ஏஜென்சிக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது அலுமாரி.

அப்பா கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா பெட்டிகளைத் திறந்தார். கடற்காற்றுப் பட்டு நாணயங்களில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. விற்கப் போகிற சாமானை அழுக்கோடு கொடுத்துவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பழப்புளியும் சாம்பலும் எடுத்து, குத்துவிளக்கு விளக்குவதுபோல ஒவ்வொன்றாக விளக்கி, துணியில் துடைத்து, வெயிலில் காயவைத்தார். நானும் கூட இருந்து தேய்த்தேன். தோட்டத்தால் வந்த அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்து, "நல்லாப் பளபளக்குது" என்று சிரித்தார். அப்படிச் சொன்னதை அவர் பிறகு ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார். முதலாளி பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாராம். "ஐயோ, கழுவிட்டீங்களே! தேய்ச்ச காசுக்கு மதிப்பில்ல. கழுவாம கொண்டு வந்திருந்தா கேட்ட காசைக் குடுத்திருப்பேன்" என்றாராம். பிறகு பாவம் பார்ப்பவர்போல பஸ் காசுக்கு மேல் கொஞ்சம் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாராம்.

அம்மா தேத்தண்ணியோடு நின்றார். அப்பா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கொம்மா என்ரை பிள்ளையின்ரை வழியைக் கழுவி ஊத்திப்போட்டா."

அன்றிலிருந்து அவர் அம்மாவோடு நேரே கதைக்கவில்லை. சோறு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்வார். கூடவிருந்து தேய்த்த என்னை ஒரு சொல் ஏசவில்லை. எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அண்ணை மட்டும் அம்மாவைச் சமாதானப்படுத்துவார். "விடுங்கோ அம்மா, எனக்கு அந்தக் குளிருக்கை இருக்க ஏலாது."

தொண்ணூறில் ஆமி தீவுக்குள் இறங்க, நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். பாதி வழியில் அண்ணை, பசுவை அவிழ்த்துவிட்டு வருகிறேனென்று திரும்பிப் போனார். வரவில்லை. தேடிப் போகவும் பாதை இல்லை.

அதன்பிறகு அம்மா தன்பாட்டுக்கு ஓர் அண்ணையை வளர்க்கத் தொடங்கினார். கழுவாமல் விட்டிருந்தால் அவன் இப்போது ஜேர்மனியில். கலியாணம் கட்டியிருப்பான், இரண்டு பிள்ளைகள். "மூத்தது இப்ப பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும்" என்பார். சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் நான்தானே கெடுத்தனான்" என்று அழுவார். அப்பா சாகும்வரை அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா போன பிறகு அம்மாவும் நானும் கொழும்புக்கு வந்தோம். ஒருநாள் அந்தக் கடையைத் தேடிப் போனேன். முதலாளி இல்லை. வயதான விற்பனையாளர் ஒருவர் நின்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே நாணயங்கள், அதே வெல்வெட். விலை கேட்டேன். வாய்கூசாமல் சொன்னார். நான் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"எங்கட வீட்டையும் இது இருக்கு. கழுவேல்லை. பெட்டியும் பத்திரமும் அப்பிடியே கிடக்கு. என்ன தருவியள்?"

அவர் சிரித்தார். "திருப்பி வாங்குறதில்ல மகள். நாடு முழுக்கக் கிடக்கு. அடிச்ச நாளே லாபம் பாத்தாச்சு."

"முந்தி வாங்கினீங்கள்தானே?"

"சும்மா மாதிரிக் கிடைச்சா வாங்குவோம். கழுவியிருந்தா கழுவினதுன்னு சொல்லுவோம். கழுவாட்டி, இப்ப ஆள் கேக்குறதில்லன்னு சொல்லுவோம். அவ்வளவுதான்."

நாங்கள் தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். பதினொரு வருடப் பழியை இறக்கிவைக்கப் போகிறேன் என்ற சந்தோசத்தில், படியில் வைத்தே கதையைத் தொடங்கிவிட்டேன். அம்மா கட்டிலில் இருந்து முழுவதையும் கேட்டார். அழுவார், அப்பாவைத் திட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை.

"அப்ப, நான் கழுவாட்டிலும் அவன் போயிருக்க மாட்டான், என்ன?"

"ஓம் அம்மா."

அம்மா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஜேர்மனியிலிருந்த பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை.