சந்துக்கு ஒரு சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போனேன். கையில் ஒரு பழைய போட்டோவின் பிரதி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் எடுத்தது. ஓட்டு வீடுகள், ஒரு கிணறு, அதை ஒட்டி அகலமான சந்து, சந்தின் முடிவில் ஏரி. அதே இடத்தில் நின்று இப்போது ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கிணறு கிடைத்தது. ஏரி கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காம்பவுண்டு சுவர் நின்றது.

"இன்னா சார் தேடறீங்க?"

கிணற்றை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு பெண்மணி. பெயர் கன்னியம்மா. ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர். படத்தைக் காட்டினேன்.

உற்றுப் பார்த்தவர் கத்தியே விட்டார். "படத்துல சந்து இருக்குது சார்!"

விஷயம் இதுதான். சுவர் கட்டியவர் எதிர்வீட்டு ரத்தினம். அங்கே வழியே இருந்ததில்லை என்கிறார். மூன்று மாதமாகக் கன்னியம்மா ஊரைச் சுற்றித்தான் ஏரிக்குப் போகிறார். மனு கொடுத்தால், ஆதாரம் கேட்கிறார்கள்.

கன்னியம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டு ரத்தினத்தின் வீட்டுக்கு நடந்தார். பின்னால் நான்... பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் சாட்சியாகிவிட்டேன்!

ரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சந்து இருக்குதும்மா. ஒத்துக்கறேன். ஆனா படத்துல கிணத்துக்கும் உன் வூட்டுக்கும் நடுவுல ஒரு வண்டியே போவுமே... இப்ப அங்க இன்னா இருக்குது?"

கன்னியம்மா வீட்டுச் சுவரோடு சேர்த்து இறக்கிய சமையல் சாய்ப்பு இருக்கிறது. கிணற்றை இடித்துக்கொண்டு.

நமக்கு வேண்டிய பாதியை மட்டும் காட்டுகிற பழைய போட்டோவை இதுவரை யாரும் எடுத்ததில்லை. நான் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

கன்னியம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "எங்க நைனா இழுத்துக் கட்னது. அது வழியில இருக்குதுனு எனக்குத் தெரியாது."

வீட்டுக்குப் போனார். அடுப்பு, குடம், அரிசி டின் எல்லாம் வெளியே வந்தன. பிறகு கடப்பாரை வந்தது.

"பேசித் தீர்த்துக்கலாமே?" என்றேன்.

"மூணு மாசமா பேசிக்கினுதான் சார் இருக்கறேன்."

மதியத்துக்குள் சாய்ப்பு தரையில் கிடந்தது. தெருவே கூடிவிட்டது. கன்னியம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடப்பாரையை ரத்தினத்திடம் நீட்டினார்.

"என்னுது முடிஞ்சிதுண்ணா."

"நாளைக்கு ஆள் வெச்சி..." என்று ஆரம்பித்த ரத்தினம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்குச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவு வழி. கன்னியம்மா அதில் புகுந்து ஏரிக்கரை வரை நடந்தார். முழங்கால் அளவுத் தண்ணீரில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினார். அன்றிரவு சமையல் வெட்டவெளியில்தான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அந்தத் தெருக்காரர்கள் நாலு பேர், தனித்தனியாக, பஸ் ஸ்டாண்டு வரை வந்து ரகசியமாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"சார்... அந்தப் படத்துல எங்க வூடு தெரியுதா?"