பி.ஆர். வந்த பிறகு தாலி

அப்போதெல்லாம் லீவில் வந்தால், தென்காசியில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று அல்ல, பி.ஆர். வந்துட்டா என்றுதான். பால் பாக்கெட் வாங்கப் போனால் கேட்பார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விடும்போது கேட்பார்கள். பஸ் வந்துட்டா என்று கேட்கிற அதே குரல். இன்னும் இல்லை என்று சொன்னதும் அந்த முகங்களில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த நாட்டு நர்ஸ்கள் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. தொழிலுக்கு ஒரு பரீட்சை, ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு பரீட்சை என்று எழுதி வாங்கிய பதிவு. அந்தப் பதிவை வைத்து நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் ஊசி போடலாம். ஆனால் அப்போதிருந்த என் விசா வேறு மாதிரி சொல்லும். இந்த முதலாளியின் கூரைக்குக் கீழே மட்டும்தான் போடலாம். அவர் போ என்று சொல்லிவிட்டால், சில மாதங்களுக்குள் இன்னொரு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை கையில் வந்தால்தான் இந்தக் கயிறு அறும்.

கயிறு இருக்கிறது என்பது எங்கள் மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். பண்டிகை நாள் டியூட்டிக்கு அந்த ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டால் முடியாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்கவே மாட்டாள், நேராக டியூட்டி போர்டில் பெயரை எழுதிவிடுவாள். என் பி.ஆர். விண்ணப்பத்துக்கு அந்த இல்லத்தின் பரிந்துரை வேண்டும். அதனால் சந்தோஷம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அறைக்கு வந்து அவளைத் தமிழில் திட்டுவேன்.

இது எதுவும் ஊரில் யாருக்கும் வேண்டாம். கடையநல்லூரில் பாதித் தெரு வளைகுடா விசாவில் கட்டியதுதான். ஆயுசு முழுக்க அங்கே உழைத்தாலும் ஒருநாள் திரும்பித்தான் வர வேண்டும். அந்த மாப்பிள்ளைகளை யாரும் நிரந்தரமா என்று கேட்டதில்லை. லீவில் வருவார்கள், கல்யாணம் முடியும், போவார்கள். பெண் ஒருத்தி வெளிநாட்டுக்குப் போனால் மட்டும் எல்லோருக்கும் விசா சட்டம் தெரிந்துவிடுகிறது.

சாரல் சமயத்தில் லீவில் வந்திருந்தேன். திரும்பிப் போனதும் பி.ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அம்மா இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அப்பா மட்டும்தான், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவரும் அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியோடு எழுந்துவிடுவார்கள், சம்மதம் என்றால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். அவர்கள் நனைத்தார்கள். அந்த அம்மா ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அவர்கள் போன பிறகு அப்பா கல்யாண மண்டபங்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் குற்றாலத்திலிருந்து போன் வந்தது. குளிக்க வந்திருக்கிறார்களாம், லாட்ஜுக்கு வந்தால் தேதியைப் பேசிவிடலாம் என்றார்கள். போனோம். அறையில் ஈரத்துணிகள் நாற்காலி நாற்காலியாகத் தொங்கின. மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, கண் சிவந்து, கட்டிலில் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு உட்கார ஒரு நாற்காலியைக் காலி செய்தார்கள். அப்பா உட்கார்ந்தார், நான் நின்றேன்.

அந்த அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார். விண்ணப்பத்தில் புருஷன் பெயரையும் சேர்த்தால் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே பி.ஆர். வந்துவிடும் என்று விசாரித்து வைத்திருந்தார். அதற்கு நான் போவதற்குள் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். அவ்வளவு அவசரமாக முடியாது என்று அப்பா சொல்ல வாயெடுத்தார்.

"அவசரமே இல்ல அண்ணாச்சி. இப்ப கோயில்ல மாலைய மாத்தி நாலு போட்டோ எடுத்துக்கிடுவோம். ரிஜிஸ்டர் ஆபிசுல பதிஞ்சிருவோம். தாலி, மண்டபம், சொந்தபந்தம் எல்லாம் பி.ஆர். வந்த பொறவு. வரலைன்னு வைங்க, ஒருத்தருக்கும் தெரியாம ரத்து பண்ணிக்கிடலாம். ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்லல்லா."

எங்கள் ஊரில் ரிஜிஸ்டர் ஆபிஸ் கையெழுத்தை யாரும் கல்யாணமாக நினைப்பதில்லை. தாலி ஏறினால்தான் பெண்டாட்டி. அவர்கள் அதையே தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே அரசாங்கத்திடம் நான் இவருடைய மனைவி, இங்கே ஊரில் நான் யாருமில்லை. என் மேனேஜரே தேவலை என்று தோன்றியது. அவள் என்னை வேலை வாங்குவதை ஒளித்து வைக்கவில்லை.

நான் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன், பி.ஆர். வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று. அவர் அம்மாவைப் பார்த்தார். சிப்ஸ் கையைத் துண்டில் துடைத்தார்.

"அப்பம் பாத்துக்கிடலாம்."

"உண்மையான புருஷன் பெண்டாட்டின்னு நான் எழுதிக் குடுக்கணும். பொய்ன்னு கண்டுபிடிச்சாங்கன்னா விசா போகும், நர்ஸ் பதிவும் போகும். பொறவு நான் எங்கயும் ஊசியத் தொட முடியாது. அப்பம் நீங்க என்னத்தப் பாப்பீங்க?"

ஊரில் எல்லோரும் செய்வதுதான், பயப்படாதே என்று அவருடைய அம்மா சமாதானம் சொன்னார். என் விண்ணப்பத்தை நான் தனியாகவே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு குடும்பம் அருவிக்குப் போக வண்டி பேசிக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. எல்லோரும் இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள், எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது.

அவர்கள் பேச்சைக்கூட நான் மறந்திருப்பேன். பஸ் ஸ்டாப்பில் அப்பா சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"ஒரு கையெழுத்துதானட்டி. போட்டிருக்கலாம்."

காலமெல்லாம் ஸ்டேஷனில் அடுத்தவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியவர் இவர். ஒரு கையெழுத்து ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். தனக்குப் பிறகு இவளுக்கு யார் என்கிற பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது. பயம்தானே என்று நான் அவரை மன்னித்துவிடவில்லை. லீவு முடியும்வரை அவரோடு பேசவில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது பெட்டியை அவர் தூக்க வந்தார், நானே தூக்கிக்கொண்டேன்.

தனியாக விண்ணப்பித்தேன். பண்டிகை டியூட்டிகள் தொடர்ந்தன. அடுத்த வருஷம், ஒரு தாத்தாவுக்குக் கால் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. பி.ஆர். கிடைத்துவிட்டது. கட்டை முழுதாகக் கட்டி முடித்தேன், பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன். அந்த வாரப் பண்டிகை டியூட்டி போர்டில் என் பெயரைப் பார்த்து மேனேஜரிடம் முடியாது என்றேன். அவள் உடனே அழித்தாள். இவ்வளவுதானா இது என்று இருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, யாரிடமும் இப்போது சொல்லாதே, எனக்கு ஒரு நாள் கொடு என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

அந்தத் திருநெல்வேலி அம்மா அப்பாவிடம் அவ்வப்போது நலம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தாராம். மகனுக்கு இன்னும் அமையவில்லை, கோபத்தில் பேசியதை மறந்துவிடுவோம், பாப்பா விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்பாராம். அப்பா இதை என்னிடம் சொல்லாமலே வைத்திருந்தார். செய்தி வந்த அன்றே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், மகள் ஊரோடு வருகிறாள், பேசி முடித்துவிடுவோமா என்று கேட்டிருக்கிறார். ஸ்டேஷனில் உண்மையை வாங்க ஒரு பொய்யைப் போட்டுப் பார்ப்பது போலீஸ்காரர்கள் வழக்கம்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அடுப்புல பால் இருக்குன்னாங்க. வச்சுட்டாங்க."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. குற்றாலத்தில் அன்றைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்றார். பிறகு, அந்த அம்மா மூலமாக ஒரே நாளில் செய்தி தென்காசி வரை வந்துவிட்டது, பால் கடையில்கூட உனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், மாற்றிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அதுவரை நான்கைந்து இடங்களிலிருந்து என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பி.ஆர். வரட்டும் என்று காத்திருந்தவர்கள்.

"சொல்லாதீங்கப்பா. இப்பம் யாரு வந்து கேக்காங்கன்னு பாப்போம்."

நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.